பங்குனி உத்திரத்துக்கு எல்லா வீட்டையும் ஊருக்கு வரவைப்பது எப்படி?

கேள்வியை முதலில் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவர் தாம்பரத்தில் குடியிருக்கிறார். பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். தாத்தாவும் அவர் உடன்பிறந்தாருமாக ஐந்து பேர். அந்த ஐவர் வழியில் இன்று ஏறக்குறைய 60 வீடுகள் சென்னை, திருப்பூர், மும்பை, சிங்கப்பூர் என்று பரவிக் கிடக்கின்றன. தாத்தா இருந்தவரை பங்குனி உத்திரத்தன்று எல்லாரும் குலதெய்வமான சாஸ்தா கோயிலில் கூடினார்கள்; அவர் காலமான பிறகு பத்தாண்டுகளாக அது நின்றுபோயிற்று. பிள்ளைகளுக்கு ஒருவரையொருவர் அடையாளம் தெரியவில்லை. மறுபடியும் கூட வேண்டும், பணத்தை எப்படிப் பிரிப்பது, யாரை அழைப்பது, என்னென்ன நிகழ்ச்சி வைப்பது என்று கேட்டிருக்கிறார்.

எங்கள் குடும்பத்திலும் இதே கதைதான் நடந்தது. நின்றுபோனதை மறுபடி எடுத்து நடத்தத் தொடங்கியதிலிருந்து, பதினாறு ஆண்டுகளாக வரி நோட்டு, அதாவது ஒவ்வொரு வீடும் தரும் பங்கை எழுதும் நோட்டு, என் கையில் இருக்கிறது. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: என்ன நிகழ்ச்சி வைப்பது என்ற கேள்வியை இப்போதைக்கு ஒத்திவையுங்கள். எந்த வீட்டுக்கு என்ன வேலை என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். விருந்தாளியாக வந்து உண்டுவிட்டுப் போகிறவர் இரண்டு ஆண்டுகள் வருவார், மூன்றாம் ஆண்டு ஒரு காரணம் சொல்வார். தேங்காய் வாங்கும் பொறுப்பை ஏற்றவர் காய்ச்சலோடாவது வந்து நிற்பார்.

இதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம். 2017-இல், பெண்கள் ஆண்டு முழுவதும் அடுப்படியிலேயே கிடக்கிறார்கள், இந்த ஒரு நாளாவது உட்கார்ந்து சாப்பிடட்டும் என்ற நல்லெண்ணத்தில், காய் வாங்குவதிலிருந்து இலை எடுப்பது வரை எல்லாவற்றையும் ஒரு சமையல் காண்டிராக்டரிடம் விட்டோம். சாப்பாட்டில் ஒரு குறையும் இல்லை. பதினொரு மணிக்குப் பூசை முடிந்தது, ஒன்றரைக்குப் பந்தி முடிந்தது, இரண்டரைக்கு வேன்கள் கிளம்பிவிட்டன. இடைப்பட்ட நேரத்தில் வாடகை நாற்காலிகளில் தத்தம் குடும்பத்தோடு வட்டமாக உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஆண்டு ஒன்பது வீடுகள் வரவில்லை. பெண்களின் சுமையைக் குறைக்க நினைத்தது சரிதான். அதற்கு வழி ஆண்களை அரிவாள்மனை முன்னால் உட்கார வைப்பது என்பது அப்போது எங்களுக்குத் தோன்றவில்லை.

இப்போது அப்படித்தான் செய்கிறோம். சோறு வடிப்பதும் பெரிய அண்டாக்களைக் கையாளுவதும் தவசிப்பிள்ளையின், அதாவது சமையல்காரரின் வேலை. அதில் குடும்பத்தார் கைவைத்தால் ஒன்று குழைந்துபோகும், இல்லையென்றால் யாராவது கையைச் சுட்டுக்கொள்வார்கள். மற்றதெல்லாம் எங்கள் வேலை. முந்தைய நாள் மாலைக்குள் ஊருக்கு வந்துவிடக்கூடியவர்கள் வந்துவிடுகிறார்கள். அன்றிரவுக்குக் கூட்டாஞ்சோறு. அரிசியும் துவரம்பருப்பும் வேகும்போது கத்திரிக்காய், வாழைக்காய், முருங்கைக்காய், ஒரு துண்டு மாங்காய், கடைசியில் முருங்கைக்கீரை, தேங்காயும் சீரகமும் வற்றலும் சேர்த்து அரைத்த அரைப்பு, தொட்டுக்கொள்ளக் கூழ்வற்றல். எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் அந்தக் காலத்தில் வீட்டுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு காய் என்று எடுத்துவந்து தோப்பில் ஆக்கி விளையாடிய சோறுக்கும் அதே பெயர்தான். அதைச் சாப்பிட்டு முடித்த பிறகு ஜமுக்காளத்தை விரித்துப் பூசணிக்காயையும் சேனையையும் நடுவில் கொட்டிவிட்டால், நள்ளிரவு வரை நீங்கள் எந்த நிகழ்ச்சியும் நடத்த வேண்டியதில்லை. அவியலுக்குக் காய் எவ்வளவு நீளம் இருக்க வேண்டும் என்பதில் தொடங்கும் சண்டை, 1992 நவம்பரில் தாமிரபரணி வெள்ளம் வந்தபோது யார் யார் எந்த மாடியில் ஏறி நின்றார்கள் என்பதில் போய் நிற்கும். மும்பையில் தணிக்கையாளராக இருக்கும் என் மைத்துனர் ஒருவர் மூன்றாண்டுகளாக வெங்காயம் உரிக்கிறார். அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மாட்டேன் என்கிறார்.

பிள்ளைகளுக்கும் வேலை வேண்டும். தண்ணீர்ப் பானைக்குப் பொறுப்பு, பனையோலை பொறுக்கிச் சேர்ப்பது, பந்தியில் உப்பு வைப்பது ஆகியவற்றுக்கு ஆறு வயதுப் பிள்ளை போதும். பாட்டுப் போட்டி, சாக்கு ஓட்டம் எல்லாம் வைக்க வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் ஒலிபெருக்கி பிடித்து ஒருவர் நாள் முழுவதும் நடத்தும் நிகழ்ச்சியில் மற்ற நூறு பேரும் பார்வையாளர்களாகி விடுகிறார்கள், பார்வையாளர்கள் வீட்டிலிருந்தும் பார்க்கலாம்.

அடுத்தது நாள். சிலர் எல்லாருக்கும் வசதியாக மே மாத ஞாயிற்றுக்கிழமை ஒன்றை வைக்கலாமே என்பார்கள். இதில் எனக்கு உறுதியான கருத்து உண்டு: பங்குனி உத்திரத்தை விடாதீர்கள். யாரும் அறிவிக்காமலே எல்லா வீட்டு நாட்காட்டியிலும் அச்சாகிவரும் நாள் அது. வசதியான ஞாயிறு என்பது ஆண்டுதோறும் புதிதாகப் பேசி முடிவெடுக்க வேண்டிய நாள், அந்தப் பேச்சிலேயே இரண்டு வீடுகள் முகம் திருப்பிக்கொள்ளும். ஆனால் நட்சத்திரத்தை ஒட்டிய நாள் என்பதால் ஆங்கிலத் தேதி நகர்ந்துகொண்டே இருக்கும். 2024-இல் மார்ச் 25-ஆம் தேதி வந்தது, 2025-இல் ஏப்ரல் 11-ஆம் தேதி வந்தது. பத்தாம் வகுப்பு, பன்னிரண்டாம் வகுப்புப் பொதுத்தேர்வுக் காலம் ஏறக்குறைய இதே நாட்களில்தான். அந்த ஆண்டு தேர்வெழுதும் பிள்ளை இருக்கிற வீட்டுக்கு விலக்கு உண்டு என்று வெளிப்படையாகச் சொல்லிவிடுங்கள். விபூதியும் பொங்கலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டியது பக்கத்தில் குடியிருக்கும் பங்காளியின் பொறுப்பு. வராதவர் குற்றவாளியாக உணர்ந்துவிட்டால் அடுத்த ஆண்டு வருவதற்கும் கூச்சப்படுவார்.

ரயிலைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் வராமல் போவது டிக்கெட் கிடைக்காததால்தான். 2024 நவம்பரிலிருந்து முன்பதிவு 120 நாட்களுக்குப் பதிலாக 60 நாட்களுக்கு முன்புதான் திறக்கிறது. உத்திரத்துக்கு முந்தைய நாள் காலையில் இறங்க வேண்டுமென்றால் எந்த இரவு நெல்லை எக்ஸ்பிரஸில் ஏற வேண்டும், அதற்கு முன்பதிவு எந்தக் காலையில் திறக்கும் என்பதைக் கணக்கிட்டு, பொங்கல் பண்டிகை முடிந்த கையோடு எல்லாருக்கும் சொல்லிவிடுவது எங்களில் ஓர் இளைஞனின் வேலை. கடந்த முறை ஒரே பெட்டியில் பதினெட்டுப் பேர் வந்தார்கள். கூடல் எழும்பூரிலேயே தொடங்கிவிட்டது.

பணத்துக்கு வருவோம். எங்கள் பக்கத்தில் கோயில் கொடைக்கு, அதாவது திருவிழாவுக்கு, குடும்பத்துக்கு இவ்வளவு என்று தலைக்கட்டு வரி பிரிக்கும் பழக்கம் இன்றும் இருப்பதால் புதிதாக ஒரு முறையைக் கண்டுபிடிக்க வேண்டிய தேவை இல்லை. வரி குறைவாகவும் எல்லாருக்கும் ஒன்றாகவும் இருக்க வேண்டும். நாங்கள் தலைக்கட்டுக்கு 1,000 ரூபாய் வாங்குகிறோம். கட்ட முடியாத வீடு அதை என்னிடம் மட்டும் சொன்னால் போதும், அந்த வீட்டின் பெயருக்கு எதிரில் ‘வரவு’ என்றே எழுதுவேன், அந்தத் தொகையை யார் போட்டார் என்பது நோட்டில் இருக்காது. அதற்கு மேல் செய்ய விரும்புகிறவர்கள் பணமாகத் தராமல் பொருளாக ஏற்கட்டும்: ஒருவர் அரிசி, ஒருவர் பந்தல், ஒருவர் பூ. பணமாக வாங்கினால் பத்தாயிரம் தந்தவரின் பெயரை ஒலிபெருக்கியில் சொல்ல வேண்டிவரும். அதைக் கேட்டுக்கொண்டு ஆயிரம் தந்தவர் உட்கார்ந்திருப்பார். சிங்கப்பூரிலிருந்தும் துபாயிலிருந்தும் ‘மொத்தச் செலவையும் நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று அன்போடு வரும் அழைப்புகளை அதே அன்போடு மறுத்துவிடுங்கள். செலவு ஒருவருடையது என்றால் நாளும் அவருடையதாகிவிடும். அவர் ஓர் ஆண்டு நிறுத்தினால் எல்லாம் நின்றுவிடும். உங்கள் தாத்தாவோடு நின்றுபோனதற்கும் இதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். பெரியவர் ஒருவர் தாமே எல்லாவற்றையும் சுமந்திருப்பார், யாருக்கும் பாரம் தெரிந்திருக்காது.

கணக்கை அன்றே வாசிக்க வேண்டும். பந்தி முடிந்து வெற்றிலை போடும் நேரத்தில் வேம்படியில் உட்கார்ந்து வரவையும் செலவையும் சத்தமாகப் படிப்பேன். வாழையிலை எத்தனை கட்டு, ஒரு கட்டு என்ன விலை என்பதுவரை சொல்லுவேன். மீதி இருந்தால் இரண்டு பேர் பெயரில் இருக்கும் வங்கிக் கணக்கில் சேரும்; அந்த இருவரும் வேறு வேறு வயிற்று வழியாக, அதாவது வேறு வேறு கிளையாக இருப்பது நல்லது.

இனி நான் விரிவாகப் பேச விரும்பும் விஷயம்: யாரெல்லாம் தலைக்கட்டு? பழைய வழக்கப்படி கல்யாணமான ஆண்பிள்ளை ஒவ்வொருவரும் ஒரு தலைக்கட்டு. கட்டிக்கொடுத்த பெண் அந்தக் கணக்கில் வரமாட்டாள். ‘அவளுக்கு அவுக வீட்டுச் சாமி இருக்கு’ என்பார்கள். சொத்தில் மகளுக்கும் மகனோடு சம உரிமை என்று தமிழ்நாடு 1989-இல் சட்டத்தைத் திருத்தியது. நாடு முழுவதற்கும் அது 2005-இல் வந்தது. எங்கள் வரி நோட்டு மட்டும் 2012 வரை பழைய சட்டத்திலேயே இருந்தது. அந்த ஆண்டு என் அத்தை ஒருவர், எழுபது வயதுக்காரர், ஆயிரம் ரூபாயை என் கையில் திணித்து, “இத என் பேர்ல எழுதுடே. உங்க மாமா பேர்ல எழுதாத” என்றார். பெரியப்பாக்கள் இரண்டு பேர் முணுமுணுத்தார்கள். ஒரு வழியாக, பெண்கள் வீட்டுக்கு வரி கட்டாயமில்லை, கட்டினால் அது முழுத் தலைக்கட்டு, பேச்சிலும் முடிவிலும் சம பங்கு உண்டு என்று தீர்மானமாயிற்று. இன்றுள்ள 41 தலைக்கட்டுகளில் பதின்மூன்று பெண் வழி வீடுகள். இதில் நியாயம் ஒருபுறம் இருக்கட்டும், நடைமுறையைப் பாருங்கள்: எந்த வீட்டில் யாருக்குப் பேறுகாலம், யார் யாரோடு பேசுவதில்லை, யாருக்குச் சர்க்கரை என்பதெல்லாம் அத்தைமார்களுக்குத்தான் தெரியும். அவர்களைக் கணக்கில் சேர்க்காமல் அறுபது வீட்டைத் திரட்ட நினைப்பது விலாசம் இல்லாமல் கடிதம் போடுவதற்குச் சமம். இது குலதெய்வ வழக்கத்துக்கு மாறானது என்று உங்கள் குடும்பத்திலும் யாராவது சொல்லலாம். பூசை முறையில் பூசாரி சொல்வதைக் கேளுங்கள், வரி நோட்டில் யாருடைய பெயர் இருக்க வேண்டும் என்பதில் சாஸ்தா தலையிட்டதாக நான் அறியவில்லை.

சாதி விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர்கள், மதம் மாறியவர்கள் பற்றியும் கேள்வி எழும். எங்கள் மாவட்டங்களில் ஒரே கொடிவழியில் ஒரு கிளை சாஸ்தா கோயிலுக்கும் இன்னொரு கிளை தேவாலயத்துக்கும் போவது சாதாரணம். அவர்களுடைய தேவாலயங்களில் அசனம் என்றொரு விருந்து நடக்கும். வெளியூர்களில் இருப்பவர்களெல்லாம் அதற்காகவே ஊர் திரும்பி, ஒரே பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுவார்கள். நாங்கள் அவர்களை முந்தைய இரவுக் கூட்டாஞ்சோற்றுக்கு அழைக்கிறோம், அவர்கள் எங்களை அசனத்துக்கு அழைக்கிறார்கள். பூசைக்கு வருவதும் வராததும் அவரவர் விருப்பம், நோட்டில் எல்லாருக்கும் ஒரு பக்கம் உண்டு. குடும்பக் கூடல் சாதிச் சங்கக் கூட்டமாக உருமாறுவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். முதலில் ஒரு பதாகை வரும், பிறகு அதில் ஒரு தலைவரின் படம் வரும், அதன் பிறகு மருமகன்களும் மருமகள்களும் ஒவ்வொருவராக ஒதுங்கிவிடுவார்கள். எங்கள் கூடலில் பதாகையே கிடையாது.

நோட்டு என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன். வரி எழுதும் நோட்டு மட்டும் போதாது, ஆள் எழுதும் நோட்டும் வேண்டும். செட்டிநாட்டு நகரத்தாரிடம் இதற்கு ஓர் அருமையான ஏற்பாடு இருக்கிறது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, பிள்ளையார்பட்டி முதலான ஒன்பது நகரக் கோயில்களில் ஏதாவது ஒன்றைச் சேர்ந்ததுதான் ஒவ்வொரு குடும்பமும். கல்யாணத்துக்குக் கோயிலிலிருந்து மாலை வர வேண்டும். கல்யாணமானதும் அந்தத் தம்பதி ஒரு புள்ளியாகப் பதிவாவார்கள். வரியும் புள்ளிக்கு இவ்வளவு என்று கணக்காகும். பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போனவர்கள்கூடத் தங்கள் வேரைத் தொலைக்காமல் இருந்ததில் இந்தப் பதிவுக்குப் பெரும்பங்கு உண்டு. நமக்கு அப்படிக் கோயில் ஏடு இல்லை, நாமே எழுதிக்கொள்ள வேண்டியதுதான்.

ஒரு வீட்டுக்கு இரண்டு பக்கம் ஒதுக்குங்கள். பெயர், பிறந்த ஆண்டு, கல்யாணமாகி வந்த பெண்ணின் ஊரும் அவர் வீட்டுச் சாமியும், இறந்தவர்களின் திதி, இரத்த வகை ஆகியவற்றோடு அந்த வீட்டின் பட்டப்பெயரையும் கட்டாயம் எழுதுங்கள். மேட்டு வீடு, எண்ணெய்க்காரர் வீடு, கொழும்பார் வீடு என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பெயர் இருக்கும். கிழவர்கள் அந்தப் பெயரில்தான் உறவை நினைவில் வைத்திருக்கிறார்கள். சென்ற ஆண்டு திருப்பூரிலிருந்து முதன்முறையாக வந்த பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் திண்ணையோரம் தயங்கி நின்றான். தொண்ணூறை நெருங்கும் எங்கள் ஆச்சி அவன் நாடியைப் பிடித்து நிமிர்த்தி, கண்ணைச் சுருக்கிப் பார்த்து, “ஏ ராசா, நீ யாரு பேரன்?” என்றார். அவன் அப்பா பெயரைச் சொன்னான். ஆச்சிக்கு அது பிடிபடவில்லை. பிறகு அவன் மூக்கை விரலால் தடவி, “இது கொழும்பார் மூக்குல்லா!” என்றார். கொழும்பில் கடை வைத்திருந்த அவனுடைய முப்பாட்டனாரைப் பற்றி அவன் முதல்முறையாகக் கேட்டது அந்த மூக்கின் வழியாகத்தான். அன்று மாலை வரை கண்ணாடியில் மூக்கைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

நோட்டுக்குப் படி எடுத்து வையுங்கள். எங்களுடைய பழைய நோட்டு, தாத்தா எழுதியது, தூத்துக்குடி மாவட்டத்து ஏரலில் பெரியப்பா வீட்டில் இருந்தது. 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. தண்ணீர் வடிந்த பிறகு பீரோவைத் திறந்தால் நோட்டு சேற்றில் ஊறிக் கட்டியாகிக் கிடந்தது. பக்கம் பக்கமாகப் பிரித்து, இடையிடையே செய்தித்தாள் வைத்து, மின்விசிறிக் காற்றில் பதினோரு நாள் உலர்த்தினோம். பந்துமுனைப் பேனாவால் எழுதிய பிற்காலப் பக்கங்கள் பிழைத்தன. தாத்தா மைப் பேனாவால் எழுதிய முதல் நாற்பது பக்கங்களில் நீலக் கறைதான் மிஞ்சியது. இப்போது மூன்று படிகள் மூன்று ஊர்களில் இருக்கின்றன, படம் பிடித்த கோப்பு தனியாக இருக்கிறது.

பெரியவர்களின் பேச்சைக் கைப்பேசியில் பதிவுசெய்யச் சொல்லிப் பலரும் ஆலோசனை தருவார்கள், நல்லதுதான். ஆனால் எதிரே உட்கார்ந்து ‘உங்கள் அனுபவங்களைச் சொல்லுங்கள்’ என்றால் அவர்கள் பொதுவாக அறிவுரைதான் சொல்வார்கள். காய் நறுக்கும் இடத்தில், அல்லது கோயிலைச் சுற்றி நடக்கும்போது, ஒரு பொருளைக் காட்டிக் கேளுங்கள். இந்தக் கிணற்றை யார் வெட்டினார்கள், இந்த நடுகல்லுக்கு ஏன் நாம் எண்ணெய் வைப்பதில்லை என்று கேட்டால் கதை தானாக வரும்.

கோயிலில் செய்ய வேண்டியவற்றில் சிலவற்றை முன்கூட்டியே பார்த்துவிட வேண்டும். கோயில் அறநிலையத் துறையின் கீழ் இருந்தால் பொங்கலிடுவதற்கும் மண்டபத்துக்கும் அனுமதியும் கட்டணமும் உண்டு. குடும்பக் கோயில் என்றால் பூசாரியிடம் ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், ஏனென்றால் அன்று அவருக்கு ஐந்தாறு குடும்பங்கள் இருக்கும். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலைப் போல உங்கள் சாஸ்தா காட்டுக்குள் இருந்தால், அது களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகப் பகுதி. வனத்துறைச் சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கைப் பறித்துவிடுவார்கள், திரும்பும் நேரத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. சமவெளிக் கோயில் என்றாலும், ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் தமிழ்நாட்டில் 2019 முதல் தடை செய்யப்பட்டிருப்பதால், தண்ணீருக்கு எவர்சில்வர் டம்ளர் இருநூறு வாங்கி நிரந்தரமாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

பொங்கல் ஒரே பெரிய பானையில் வைப்பதா, வீட்டுக்கு ஒன்றாக வைப்பதா என்று கேட்டால், வீட்டுக்கு ஒன்று என்பேன். வரிசையாக அடுப்புக் கூட்டி, மூத்த வீட்டு அடுப்பில் பற்றவைத்து, அதிலிருந்து ஓலையில் தீ எடுத்து அடுத்த அடுப்பு, அதிலிருந்து அதற்கடுத்தது என்று கடைசி வீடு வரை கொண்டுபோகிறோம். பக்கத்துப் பானை பொங்காமல் இருந்தால் அவரவர் ஓலையைத் தள்ளிவிட்டு உதவுவார்கள். சாஸ்தாவுக்குச் சைவப் படையல்தான். பக்கத்தில் இருக்கும் சுடலைக்கோ கருப்பனுக்கோ கிடா உண்டென்றால், அந்த நேரத்தில் சாஸ்தாவுக்குத் திரை போடுவது எங்கள் வழக்கம். கிடா வாங்குகிறவர்கள் உயிர் எடையில் ஏறக்குறைய பாதிதான் கறி தேறும் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். சைவப் பந்திக்கு நூறு பேருக்குப் பன்னிரண்டு கிலோ அரிசி எங்களுக்குச் சரியாக இருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான ஏற்பாடு ஒன்று உண்டு. ஆண்கள் கூடிப் பேசும் கூட்டங்களில் அது கடைசிவரை வராது. கழிப்பறை. பங்குனி வெயிலில், பொட்டலில் இருக்கும் கோயிலில், காலை ஏழு மணியிலிருந்து மாலை வரை பெண்கள் தண்ணீர் குடிக்காமல் இருந்துவிட்டு, அடுத்த ஆண்டு வர மறுப்பதற்குக் காரணம் சொல்லவும் மாட்டார்கள். நடமாடும் கழிப்பறை வாடகைக்குக் கிடைக்கிறது; கிடைக்காத இடத்தில் பக்கத்துத் தெருவில் இரண்டு வீட்டாரிடம் முன்பே பேசி, ஒரு வண்டியை அதற்கென்றே நிறுத்துங்கள். நிழலுக்குத் தட்டிப் பந்தல், குடிக்க நீர்மோர், பானகம், முதியவர்களுக்குக் கைப்பிடி உள்ள நாற்காலி. பந்தலில் பணம் மிச்சம் பிடிக்க வேண்டாம்.

சண்டை வராமல் இருக்காது. நிலத் தாவா, பாகப்பிரிவினை பற்றி அன்று கோயில் எல்லைக்குள் பேசக்கூடாது என்பதைப் பெரியவர் ஒருவர் வாயால் முதலிலேயே சொல்லவையுங்கள். பரிவட்டம், முதல் மரியாதை என்ற தகராறுக்கு வயதே முடிவு. ஆணோ பெண்ணோ, வந்திருப்பவர்களில் மூத்தவருக்கு முதல் விபூதி. குடித்துவிட்டு வருகிறவர்களை அவர்கள் மாமன் மச்சான்களிடம் ஒப்படையுங்கள், பங்காளி கண்டித்தால் பகை, மச்சான் கண்டித்தால் கேலி. பேசாமல் இருக்கும் அண்ணன் தம்பிகளை மேடையில் நிறுத்திக் கைகுலுக்க வைக்காதீர்கள். எங்களில் அப்படி இருவரை ஒரே அண்டாவின் இரண்டு காதுகளையும் பிடித்துத் தூக்கச் சொன்னோம். இன்னும் பேசிக்கொள்வதில்லை, ஆனால் அண்டா தூக்க ஆண்டுதோறும் இருவரும் வருகிறார்கள்.

அழைப்பு பற்றி ஒன்று. வாட்ஸ்அப் குழுவில் போடுவது அறிவிப்பு, அழைப்பு ஆகாது. ‘வீடு தேடி வந்து ஒரு வார்த்தை சொல்லல’ என்ற மனத்தாங்கல் எங்கள் பக்கத்தில் தலைமுறை தாண்டி நிற்கும். சென்னையிலும் திருப்பூரிலும் ஆளுக்குப் பத்து வீடு என்று பிரித்துக்கொண்டு, வெற்றிலை பாக்கோடு நேரில் போய்ச் சொல்லுங்கள். கடல் கடந்து இருப்பவர்களுக்குத் தொலைபேசியில், அதுவும் வீட்டுப் பெரியவர் வாயால்.

நீங்கள் முதல் ஆண்டிலேயே அறுபது வீட்டை எதிர்பார்க்க வேண்டாம். எங்களுக்கு முதல் ஆண்டு வந்தது பதினான்கு. இப்போது செய்யக்கூடியது இது: உங்கள் தாத்தா தலைமுறையில் இன்னும் யார் உயிரோடு இருக்கிறார்கள் என்று பாருங்கள், அநேகமாக ஓர் ஆச்சியோ மூத்த அத்தையோ இருப்பார். இருநூறு பக்க நோட்டும் பந்துமுனைப் பேனாவும் வாங்கிக்கொண்டு ஒரு சனிக்கிழமை அவரிடம் போய் உட்காருங்கள். ஐந்து வயிற்று வழியையும் சொல்லச் சொல்ல எழுதுங்கள். இடையில் காப்பி கொடுப்பார்கள், மறுக்க வேண்டாம்.